அரிசியை விட்டு 12 நாள்: எழுந்தால் கிறுகிறுப்பு, இரவில் கெண்டைக்கால் இழுப்பு. எந்த மாத்திரை வாங்குவது?

கேள்வி: காவிரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் இருக்கிறேன், வயது 41, எடை 82 கிலோ. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு) 6.1 என்று வந்தது, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், சாப்பாட்டைச் சரிசெய்து தினமும் நடந்துவிட்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். அதனால் அரிசி, இட்லி, தோசை, சப்பாத்தி, சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். இன்றோடு 12 நாள். காலையில் மூன்று முட்டையும் பட்டர் டீயும், மதியம் துருவி வேகவைத்த காலிஃபிளவர், கீரை, ஒரு பொரியல், இரவில் பனீர் அல்லது கோழி. எடை 3.4 கிலோ குறைந்திருக்கிறது, அதில் ரொம்ப சந்தோஷம்.

ஆனால் நான்காம் நாளிலிருந்து தலைவலி. பூஜை அறையில் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது, சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரவு இரண்டு மணிக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து அலறி எழுந்துவிட்டேன், இது மூன்று முறை நடந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் படபடப்பு. மாமியார் தினமும் "சோறு இல்லாத உடம்பு எப்படி நிற்கும்" என்கிறார், அவர் சொல்வது சரியோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

சித்தி மகள் ஒரு பட்டியல் அனுப்பினாள்: மக்னீசியம், பொட்டாசியம், வைட்டமின் டி, ஒமேகா 3, மல்டிவைட்டமின், அப்புறம் பிங்க் சால்ட். ஆன்லைனில் எல்லாவற்றையும் கூடையில் போட்டால் 4,300 ரூபாய் காட்டுகிறது. இவ்வளவும் தேவையா? எதை முதலில் வாங்குவது? ஒரு நாளைக்கு நாலரை லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன், உடம்புக்கு நல்லது என்று உப்பையும் பாதியாகக் குறைத்துவிட்டேன். வேறு எந்த வியாதியும் இல்லை, பி.பி. எப்போதும் சரியாகவே இருக்கும்.

மறுமொழி 1: நொய்யல்

தங்கச்சி, கூடையை அப்படியே விட்டுவிட்டு முதலில் சமையலறைக்குப் போங்கள். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் பாதி எலுமிச்சை பிழிந்து, அரை டீஸ்பூன் சாதாரண உப்பு போட்டு, மெதுவாக அரை மணி நேரத்தில் குடியுங்கள். மாலையில் இன்னொரு முறை. நான்கு வருடமாக மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறேன், முதல் மாதம் நீங்கள் சொன்ன அத்தனையும் எனக்கும் நடந்தது, அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

காரணம் தெரிந்தால் பயம் போய்விடும். மாவுச்சத்து சாப்பிடும்போது இன்சுலின் கூடுதலாகச் சுரக்கும், அது சிறுநீரகத்துக்கு "சோடியத்தைப் பிடித்து வை" என்று உத்தரவு போடும். சோற்றை நிறுத்தியதும் இன்சுலின் இறங்குகிறது, சிறுநீரகம் சோடியத்தை விட்டுவிடுகிறது, சோடியத்தோடு தண்ணீரும் போகிறது. இன்னொரு பக்கம் ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருந்த கிளைக்கோஜன் கரைகிறது, அது ஒரு கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அதுவும் வெளியேறும். நீங்கள் சந்தோஷப்பட்ட 3.4 கிலோவில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். கொழுப்பு கரைவது இனிமேல்தான் தெரியும். உடம்பில் ஓடும் நீரின் அளவு குறைந்தால் எழுந்து நிற்கும்போது பி.பி. சட்டென்று இறங்கும், கண் இருட்டும்.

இதோடு நம் ஊர்ச் சாப்பாட்டில் ஒரு சங்கதி இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. நம் உப்பு முழுவதும் சோற்றோடுதான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக் குழம்பு, இட்லி மாவில் போடும் உப்பு, தோசைக்கு வைக்கும் சட்னி, எல்லாம் சோற்றையும் மாவையும் நம்பி இருப்பவை. சோற்றை எடுத்தால் இத்தனையும் இலையை விட்டு எழுந்து போய்விடும். மிஞ்சுவது முட்டை, பனீர், பொரியல், அதிலும் நீங்கள் பாதி உப்பைக் குறைத்துவிட்டீர்கள், அதற்கு மேல் நாலரை லிட்டர் வெறும் தண்ணீர். உடம்பில் இருக்கிற கொஞ்ச உப்பையும் அலசி விடுகிற மாதிரி. தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள், கணக்கு வைத்துக் குடிக்க வேண்டாம்.

அளவு பற்றி: உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நாளைக்கு 2 கிராம் சோடியத்துக்குக் கீழே, அதாவது 5 கிராம் உப்புக்குக் கீழே என்கிறது. குறைமாவு உணவை வெகுகாலம் ஆராய்ந்த ஸ்டீபன் ஃபின்னி, ஜெஃப் வோலெக் இருவரும் இந்த உணவில் இருப்பவர்களுக்கு 3 முதல் 5 கிராம் சோடியம் வரை தேவைப்படலாம் என்கிறார்கள். உப்பு வேறு, சோடியம் வேறு, இதில் பலர் குழம்புகிறார்கள். தட்டிய ஒரு டீஸ்பூன் உப்பு சுமார் 6 கிராம், அதில் சோடியம் 2.3 கிராம். ஆக நான் சொன்ன இரண்டு அரை டீஸ்பூனும் சமையல் உப்போடு சேர்ந்து அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். எலுமிச்சை பிடிக்காவிட்டால் ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், ஆட்டுக்கால் சூப்போ நெஞ்செலும்பு சூப்போ இன்னும் நல்லது. பி.பி., இதயம், சிறுநீரகம் இவற்றில் ஏதாவது கோளாறு உள்ளவர்களுக்கு இந்த யோசனை பொருந்தாது. உங்களுக்கு இல்லை என்று எழுதியிருப்பதால்தான் சொன்னேன்.

மறுமொழி 2: ஓட்டக்காரன் 27

அக்கா, நான் தினமும் ஒரு பாக்கெட் ஓஆர்எஸ் கரைத்துக் குடிக்கிறேன், கால் இழுப்பே வருவதில்லை. இல்லாவிட்டால் இந்துப்பு வாங்குங்கள், அதில் 84 தாது இருக்கிறது, பொட்டாசியம் மக்னீசியம் எல்லாம் அதிலேயே வந்துவிடும், தனியாக மாத்திரையே வேண்டாம்.

மறுமொழி 3: நொய்யல்

தம்பி, நீங்கள் ஓடுகிறவர், வியர்வை கொட்டும், உங்கள் கணக்கு வேறு. ஓஆர்எஸ் வயிற்றுப்போக்குக்காக உண்டாக்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது, குடலில் சோடியத்தை உள்ளே இழுத்துக்கொள்ள அந்த குளுக்கோஸ் வேண்டும். அவசரத்துக்கு ஒரு நாள் குடித்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் சர்க்கரையைக் குறைக்க வந்தவர் தினமும் குடிக்க வேண்டியதில்லை. அட்டைப் பெட்டியில் இனிப்பாக, ஆரஞ்சு வாசனையோடு விற்கிறதே, அதில் சர்க்கரை இன்னும் பல மடங்கு. அந்த மாதிரிப் பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவு போட்டது, குழந்தை மருத்துவர் ஒருவர் பல வருடம் போராடியதற்குக் கிடைத்த பலன் அது.

இந்துப்பும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சோடியம் குளோரைடுதான். மற்ற தாதுக்கள் இருப்பது உண்மை, ஆனால் ஒரு டீஸ்பூனில் கிடைப்பது அணுவளவு. அதை நம்பி மக்னீசியத்தை விட்டுவிட முடியாது. அதோடு பெரும்பாலும் அதில் அயோடின் சேர்ப்பதில்லை, வீட்டில் முழுக்க அதற்கு மாறினால் தைராய்டு பக்கம் பிரச்சினை வரலாம். ருசிக்குப் பிடித்திருந்தால் போட்டுக்கொள்ளட்டும், அயோடின் உப்பை நிறுத்தாமல்.

மறுமொழி 4: மருந்துக்கடை அக்கா

மதுரையில் 14 வருடமாக மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். இந்தப் பட்டியலோடு வாரத்துக்கு நான்கு பேராவது வருகிறார்கள், அதனால் ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறேன் தங்கச்சி.

மக்னீசியம் இதில் வாங்கலாம் என்று நான் சொல்லும் ஒரே பொருள், அதுவும் உப்பைச் சரிசெய்து ஒரு வாரம் பார்த்த பிறகும் கால் இழுத்தால். டப்பாவின் முன்பக்கத்தை நம்பாதீர்கள், திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். "மக்னீசியம் கிளைசினேட் 1000 மி.கி." என்று பெரிதாகப் போட்டிருக்கும், ஆனால் கிளைசினேட்டில் உண்மையான மக்னீசியம் நூற்றுக்கு 14 பங்குதான், ஆக உங்களுக்குக் கிடைப்பது 140 மில்லிகிராம். நல்ல கம்பெனி "எலிமென்டல் மக்னீசியம்" என்று தனியாக எழுதியிருப்பார்கள், அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். மக்னீசியம் ஆக்சைடு விலை குறைவு, காகிதத்தில் 60 சதவீதம் மக்னீசியம், ஆனால் உடம்பில் சேருவது கொஞ்சம், மீதி வயிற்றைக் கலக்கிவிடும். மலச்சிக்கலும் இருந்தால் சிட்ரேட் வாங்குங்கள், இரண்டு வேலையும் நடக்கும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு 150 முதல் 200 மில்லிகிராம் எலிமென்டல் போதும். சிறுநீரகம் பலவீனமாக உள்ளவர்கள் தொடவே கூடாது.

அதையும் சாப்பாட்டில் பாதி எடுத்துவிடலாம். 30 கிராம் பூசணி விதையில் 150 மில்லிகிராம் அளவு இருக்கிறது. மாவுச்சத்தைக் குறைத்து பேலியோ உணவு சாப்பிடும் நம் ஊர்க்காரர்கள் காலையில் ஊறவைத்துச் சாப்பிடும் 100 பாதாமில் 300 மில்லிகிராம் வந்துவிடும், ஆனால் அது 120 கிராம் பாதாம், காலை உணவே அதுவாக இருந்தால் சரி, முட்டைக்கு மேல் கொறிக்க அல்ல.

பொட்டாசியம் மாத்திரையும் சிரப்பும் டாக்டர் சீட்டு இல்லாமல் நான் எடுத்துத் தர மாட்டேன். கூடினால் இதயத் துடிப்பையே குழப்பிவிடும் பொருள் அது. அதோடு இன்னொன்று, சோடியம் குறைந்தால் உடம்பு ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கூட்டி சோடியத்தைக் காப்பாற்றப் பார்க்கும், அப்படிக் காப்பாற்றும்போது பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். அதனால் பொட்டாசியம் குறைவதற்கே பாதிக் காரணம் உப்புக் குறைவுதான், நொய்யல் அண்ணன் உப்பில் ஆரம்பித்தது அதனால்தான் சரி. மீதியைச் சாப்பாட்டில் எடுங்கள். 100 கிராம் பசலைக்கீரையில் 550 மில்லிகிராம், பட்டர் ஃப்ரூட்டில் 480 அளவு, காளான், மீன், கோழி எல்லாவற்றிலும் உண்டு. கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் பொட்டாசியம் தொட்டியில் போய்விடும், கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அதோடு கடையுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் பசலையை அடிக்கடி எடுக்க வேண்டாம், அரைக்கீரை, முருங்கை என்று மாற்றிக்கொள்ளலாம். இளநீர் நல்லதுதான், ஆனால் ஒரு காயில் 8 முதல் 12 கிராம் வரை மாவுச்சத்து இருக்கும், கணக்கில் சேர்த்துக்கொண்டு குடியுங்கள்.

வைட்டமின் டி பற்றிக் கோபமாகவே சொல்கிறேன். 60,000 யூனிட் கேப்ஸ்யூல் வாரத்துக்கு ஒன்று, அதுவும் குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும். தினமும் ஒன்று போட்டுக்கொண்டு கால்சியம் ஏறி, வாந்தியும் மயக்கமுமாக ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். பரிசோதனை செய்து குறைவாக இருந்தால் டாக்டர் சொல்லும் அளவு எடுங்கள். ஒமேகா 3 காசுக்கு மத்தி மீன் வாங்குங்கள். முட்டை, கறி, கீரை சாப்பிடுகிறவருக்கு மல்டிவைட்டமின் இப்போது வேண்டாம். 4,300 ரூபாயை வைத்துக்கொண்டு ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் பார்க்கும் சீரம் எலக்ட்ரோலைட்ஸ், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், ஒரு ஈசிஜி மூன்றையும் முடித்துவிடுங்கள், படபடப்பு என்று எழுதியிருப்பதால் அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

காவிரிக்கரை

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று மாலை எலுமிச்சை உப்பு குடித்தேன், இன்று காலை தலைவலி இல்லை, இன்னும் நம்ப முடியவில்லை. நாளை ரத்தம் கொடுக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். என் வீட்டுக்காரரும் ஒரு வாரமாக என்னோடு இதே சாப்பாடுதான் சாப்பிடுகிறார், அவருக்கு வயது 49. பி.பி.க்கு டெல்மிசார்டன் 40, சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் 10, மெட்ஃபார்மின் என்று மூன்றும் போடுகிறார். நேற்றிலிருந்து அவருக்கும் கொஞ்சம் தலை சுற்றுகிறது, காலையில் குமட்டுகிறது என்றார். அவருக்கும் உப்புத் தண்ணீர் கொடுக்கலாமா? போன மாதத்திலிருந்து அவர் பி.பி.க்காக வீட்டில் சோடியம் குறைந்த உப்புதான் வாங்குகிறேன், அதனால் அவருக்கு எதுவும் ஆகாது என்று நினைக்கிறேன்.

மறுமொழி 5: வார்டு செவிலி

சகோதரி, இதைப் படித்தவுடன் டாக்டருக்கு போன் செய்யுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். 16 வருடமாக செவிலியாக இருக்கிறேன், அதில் ஏழு வருடம் டயாலிசிஸ் பிரிவில்.

முதலாவது டாபாகிளிஃப்ளோசின். அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்து, இதே வகையில் எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் என்று இருக்கின்றன. இதைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தையும் அடியோடு நிறுத்தினால், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அளவு மீறி ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015-லேயே இந்த மருந்துகளுக்குக் கீட்டோஅசிடோசிஸ் (இந்த அமில நிலை) எச்சரிக்கை கொடுத்துவிட்டது. இதில் கொடுமை என்னவென்றால் வீட்டுக் கருவியில் சர்க்கரை 150, 180 என்று நல்லபடியாகவே காட்டும், அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, அசதி, மூச்சு வேகமாக வாங்குவது, இவற்றில் எது வந்தாலும் சர்க்கரை எண்ணைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், போடும் மாத்திரையின் பெயரைச் சொல்லி, கீட்டோன் பார்க்கச் சொல்ல வேண்டும். அவருக்குக் குமட்டுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்று இரவே அவரை அழைத்துப் போங்கள். எந்த மாத்திரையை நிறுத்துவது என்பதை அவர்கள் சொல்லட்டும், டாக்டர் சொல்லும் வரை அவருக்கு வழக்கமான சாப்பாடே கொடுங்கள்.

இரண்டாவது அந்த உப்பு. சோடியம் குறைந்த உப்பு என்றால் சோடியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு அது நல்லதே, 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைத்தது, ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை அதில் விலக்கி வைத்தது. டெல்மிசார்டன் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்து. அதற்கு மேல் பொட்டாசியம் உப்பு, தினமும் கீரை, இளநீர் என்று சேர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்று வெளியில் இருந்து தெரியாது. பொட்டாசியம் 6.8-ல் நடந்தே வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், கை கால் கொஞ்சம் தளர்கிறது என்பதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியவில்லை, ஈசிஜி எடுத்த பிறகு எங்களுக்குக் கை நடுங்கியது. நார்மல் 3.5 முதல் 5 வரை. இந்தப் பாக்கெட்டை அவர் சமையலில் இருந்து இன்றே எடுத்துவிடுங்கள்.

உங்களுக்குச் சொன்ன உப்புத் தண்ணீரை அவருக்குக் கொடுக்க வேண்டாம். அவர் தலைசுற்றலுக்கு பி.பி. இறங்கியதும் காரணமாக இருக்கலாம், மாவுச்சத்து குறைந்தால் பி.பி. தானாக இறங்கும், அப்போது மாத்திரை அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், அதுவும் டாக்டர் வேலைதான். மெட்ஃபார்மின் வருடக்கணக்காகப் போடுகிறார் என்றால் அதனால் குறையக்கூடிய வைட்டமின் பி12-ஐயும் ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அன்று இரவே போனோம். கீட்டோன் கூடியிருந்தது, ஆனால் அமில நிலைக்குப் போகவில்லை, இரண்டு நாள் உள்ளே வைத்து டிரிப்ஸ் போட்டு அனுப்பினார்கள். பொட்டாசியம் 5.4. டாபாகிளிஃப்ளோசினை டாக்டர் நிறுத்திவிட்டார், டெல்மிசார்டன் 20 ஆகிவிட்டது. காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறு சாப்பிட வேண்டும், என் மாதிரி அடியோடு நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான்கு நாள் கழித்துப் பார்த்ததில் பொட்டாசியம் 4.6. செவிலி அக்கா, நீங்கள் எழுதாவிட்டால் அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்திருப்பேன். அதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

எனக்கு சோடியம் 134, பொட்டாசியம் 3.7, ஈசிஜி நார்மல். எலுமிச்சை உப்பு இரண்டு வேளை, தண்ணீர் தாகத்துக்கு மட்டும். கிறுகிறுப்பு மூன்று நாளில் போய்விட்டது, படபடப்பும் இல்லை. கால் இழுப்பு மட்டும் வாரம் தாண்டியும் வந்ததால் மக்னீசியம் கிளைசினேட் வாங்கினேன், டப்பாவைத் திருப்பிப் படித்துத்தான். மூன்று இரவாக எழவில்லை. மாமியார் இப்போது எனக்காக ரசம் கூடுதலாக வைக்கிறார், சோறு இல்லாவிட்டாலும் ரசமாவது குடிக்கிறாளே என்று அவருக்கு ஒரு நிம்மதி.

கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். வருடா வருடம் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் உப்பில்லாமல் விரதம் இருப்பேன். இந்த முறையும் இருக்கலாமா?

மறுமொழி 6: வார்டு செவிலி

அவர் தேறியது மனதுக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை. உப்பில்லா விரதமும் இந்த உணவும் ஒன்றாகச் சேரவே கூடாது சகோதரி, ஏற்கெனவே சற்றுக் குறைவாக இருக்கும் உங்கள் சோடியம் 134-ல் இருந்து இன்னும் கீழே இறங்கும். இந்த வருடம் ஒருவேளை சாப்பாடு என்று வைத்துக்கொண்டு எலுமிச்சை உப்பை விடாமல் குடியுங்கள். உப்பு கட்டாயம் கூடாது என்று மனம் சொன்னால் அந்த ஆறு நாளும் பால், பழம், அவல் என்று மாவுச்சத்தோடு விரதம் இருங்கள், அப்போது உடம்பு இவ்வளவு உப்பைக் கொட்டாது. நடைப்பயிற்சியை அந்த ஆறு நாள் நிறுத்திவிடுங்கள், எச்பிஏ1சி அதனால் ஏறிவிடாது.